‘வருந்துகிறோம்’ என்றவர் யார்? தூர்தர்ஷன் அறிவிப்பாளரின் பணியும் அதன் இலக்கணமும்

இந்தியத் தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் செயற்கைக்கோள், ஆசிய விளையாட்டுப் போட்டி, ‘ஹம் லோக்’, ‘ராமாயணம்’ என்ற வரிசையிலேயே நடந்து செல்கின்றனர். மாலையில் ஒளிபரப்பைத் தொடங்கிவைத்து, நிகழ்ச்சிக்கும் நிகழ்ச்சிக்கும் இடையில் தோன்றி, இரவில் விடைபெற்றுச் சென்ற அறிவிப்பாளருக்கு அவ்வரலாறுகளில் ஒரு பத்தி கிடைப்பதே அரிது. நான் மொழியியல் பயின்றவன் என்பதால், இப்பணியை அது பேசிய வாக்கியங்களின் வழியே அணுகிப் பார்க்கிறேன். ஒருவர் தூர்தர்ஷனில் அறிவிப்பாளராகப் புதிதாகச் சேர்ந்தார் என்றால், உண்மையில் அவர் எதில் சேர்ந்தார்? திரையில் அவர் அரசின் சார்பாகத் தன்மைப் பன்மையில் பேசினார். அந்தப் பன்மைக்குள் அவருக்கு இடம் உண்டா என்பது நீதிமன்றம் வரை சென்று தீர்க்கவேண்டிய வினாவாக இருந்தது.

முதலில் வானொலியிலிருந்து தொடங்கவேண்டும். 15 செப்டம்பர் 1959 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கிய தொலைக்காட்சி ஒரு தனி நிறுவனம் அன்று. அது அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவு. ஆகாசவாணி பவனிலேயே அதன் கூடம் அமைந்திருந்தது. வாரத்துக்கு இரு நாள் மட்டுமே ஒளிபரப்பு. 1 ஏப்ரல் 1976 வரை தொலைக்காட்சி வானொலியின் பிடியிலேயே இருந்தது. ஆகவே ஆள் எடுக்கும் முறை, பதவிப் பெயர்கள், ஒப்பந்த வகைகள், உச்சரிப்புக் கொள்கை எல்லாம் வானொலியிலிருந்து வந்தவை. அந்த வானொலியும் தன் பழக்கங்களை இலண்டனிலிருந்து கொண்டுவந்தது. 1935இல் இந்திய ஒலிபரப்பின் பொறுப்பை ஏற்க வந்த லயனல் ஃபீல்டன் பிபிசியில் பணியாற்றியவர். அன்றைய பிபிசி வானொலியில் அறிவிப்பாளருக்குப் பெயர் கிடையாது. கேட்பவர் எவரும் காணாத ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் மாலை விருந்துக்குரிய உடையணிந்து பேசவேண்டும். ஆனால் தம் பெயரை மட்டும் சொல்லக்கூடாது. 1940இல், எதிரிகள் பிபிசியின் குரலைப் போலியாகப் பயன்படுத்திவிடக்கூடும் என்ற அச்சம் எழுந்தபிறகே செய்தி வாசிப்போர் பெயர் சொல்லத் தொடங்கினர். பெயர் என்பது அங்கே புகழுக்காக வரவில்லை, பாதுகாப்புக்காக வந்தது.

இப்பின்னணி இந்தியாவில் ஒரு சுவையான பிளவாக வெளிப்பட்டது. செய்தி வாசிப்பவருக்குப் பெயர் உண்டு. ‘செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி’ என்ற தொடரைத் தில்லியிலிருந்து கேட்டு வளர்ந்த தலைமுறை இன்றும் இருக்கிறது. இத்தொடரின் அமைப்பைக் கவனியுங்கள். ‘நான் வாசிக்கிறேன்’ என்று அவர் சொல்லவில்லை. ‘வாசிப்பது’ என்ற அஃறிணை வடிவம் எழுவாயாக நிற்க, பேசுபவரின் பெயர் பயனிலையாகிறது. பேசுபவரே தம்மைப் படர்க்கையில் வைத்துக்கொள்கிறார். எனினும் பெயர் ஒலிக்கிறது. அறிவிப்பாளரின் தொடர்களில் இந்த அளவு இடமும் இல்லை. ‘அடுத்து நீங்கள் காணவிருப்பது’ என்று தொடங்கும் வாக்கியத்தில் பயனிலையாக வருவது நிகழ்ச்சியின் பெயர். அதைச் சொல்பவர் வாக்கியத்தின் எந்த மூலையிலும் இல்லை.

இனிப் புகழ்பெற்ற அந்த மன்னிப்புத் தொடருக்கு வருவோம். இந்தியில் அது ‘ருகாவட் கே லியே கேத் ஹை’. சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘தடைக்காக வருத்தம் இருக்கிறது’ என்பதே அதன் பொருள். வருந்துபவர் யார் என்று இந்தி வாக்கியம் கூறவில்லை. ‘ஹமே’ என்ற ஒரு சொல்லை முன்னே சேர்த்திருந்தால் ‘எங்களுக்கு’ என்றாகியிருக்கும். அது சேர்க்கப்படவில்லை, சேர்க்கவேண்டிய கட்டாயத்தை இந்தி இலக்கணம் விதிக்கவும் இல்லை. வருத்தம் ஓரிடத்தில் இருக்கிறது, மூடுபனி இருப்பதுபோல. தமிழில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று வந்தபோது வினைமுற்று தன் வேலையைச் செய்துவிட்டது. தமிழ் முற்றுவினை இடத்தையும் எண்ணையும் காட்டியே தீரும். ‘-ஓம்’ என்ற விகுதி ஒரு கூட்டத்தைத் திரைக்குமுன் கொண்டுவந்து நிறுத்தியது. அரசு நிறுவனம் ஒன்று தன்மையில் பேசி வருத்தம் தெரிவிக்கும் காட்சி நம் அலுவலக மொழியில் அடிக்கடி கிட்டுவதில்லை. ஒரு விகுதியின் தயவால் அது வீட்டுக்கு வீடு அன்றாட நிகழ்வாயிற்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழில் ‘நாம்’ கேட்பவரை உளப்படுத்தும், ‘நாங்கள்’ விலக்கும். வினை விகுதியிலோ இந்த வேறுபாடு இல்லை. ‘நாம் வருந்துகிறோம்’, ‘நாங்கள் வருந்துகிறோம்’ இரண்டுக்கும் முற்று ஒன்றே. பெயரை விட்டுவிட்டு வினையை மட்டும் அட்டையில் எழுதினால் அந்த ‘ஓம்’ யாரைச் சுட்டுகிறது என்பது திறந்தே கிடக்கும். சூழலை வைத்து அது நிலையத்தாரைக் குறிக்கிறது என்று நாம் எளிதில் கொள்கிறோம். அட்டை மட்டும் நின்றால் இது போதும். அறிவிப்பாளரே திரையில் தோன்றி அவ்வாறு கூறும்போதுதான் சிக்கல்: அந்த நிலையத்தாருள் அவர் ஒருவரா?

பதவிப் பெயரிலேயே விடையின் ஒரு பகுதி இருக்கிறது. நிலையத்தில் பணிபுரிந்தோர் இரு இனத்தவர். நிகழ்ச்சி அதிகாரி, பொறியாளர், எழுத்தர் முதலியோர் முறையான அரசு ஊழியர். அறிவிப்பாளர், செய்தி வாசிப்பாளர், இசைக்கலைஞர் ஆகியோர் ‘ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்ட்’ என்ற வகையினர். இவர்கள் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டனர். இவர்கள் பெற்றதற்கு ஊதியம் என்று பெயரில்லை; அது கட்டணம். வீணை வாசிப்பவரைக் கலைஞர் என்பது இயல்பு. நாள்தோறும் குறித்த நேரத்துக்கு வந்து, பணிநேரப் பதிவேட்டில் ஒப்பமிட்டு, நிகழ்ச்சி நிரலின்படி நொடி பிசகாமல் பேசுபவரையும் கலைஞர் என்றது எதற்காக? அச்சொல் மதிப்பைத் தந்துகொண்டே உரிமையைக் கழித்தது என்பது என் கருத்து. ஊழியருக்கு விதிகள் உண்டு. கலைஞருக்கு ஒப்பந்தப் புதுப்பிப்பு மட்டுமே.

இவ்வேலைக்கு வந்த தொடக்கக் காலத்தவரைப் பார்ப்போம். பிரதிமா பூரி சிம்லாப் பகுதியில் ஒரு கோர்க்கா குடும்பத்தில் பிறந்தவர். சிம்லா வானொலியில் பணியைத் தொடங்கித் தில்லித் தொலைக்காட்சிக்கு வந்தார். 1965இல் அன்றாட ஒளிபரப்பு தொடங்கியபோது ஐந்து நிமிடச் செய்தியறிக்கையை வாசித்து, இந்தியத் தொலைக்காட்சியின் முதல் செய்தி வாசிப்பாளர் என்று அறியப்பட்டார். சல்மா சுல்தான் போபாலில் வளர்ந்தவர். தில்லி இந்திரப்பிரஸ்தக் கல்லூரியில் ஆங்கில முதுகலை பயிலும்போதே அறிவிப்பாளருக்கான தேர்வுக்குச் சென்றவர். அறிவிப்பாளராக நுழைந்து பின்னர்ச் செய்தி வாசிப்பாளராக நிலைபெற்ற அவரை, கூந்தலில் செருகிய ரோஜாவுடன் ஒரு தலைமுறையே நினைவில் வைத்திருக்கிறது. 31 அக்டோபர் 1984 அன்று காலையில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். இறந்துவிட்டார் என்பதை வெளிநாட்டு வானொலி பகலிலேயே கூறிவிட்டது. தூர்தர்ஷனில் அச்செய்தியைச் சல்மா சுல்தான் மாலையில் வாசித்தபோது, சுட்ட நேரத்திலிருந்து பத்து மணி நேரத்துக்கும் மேல் கடந்திருந்தது. காலம் தாழ்த்தும் முடிவை எடுத்தவர்களின் முகத்தை நாடு அறியாது. அது அறிந்திருப்பது வாசித்தவரின் முகத்தை.

அறிவிப்பாளருக்கான தேர்வு என்பது முதன்மையாக ஒலிப்புத் தேர்வு. இந்தி அறிவிப்பாளருக்கு அது இருமுனைக் கத்தி. உருதுவிலிருந்து வந்த சொற்களில் புள்ளியிட்டு எழுதும் ஒலிகளைப் பிசகாது ஒலிக்கவேண்டும். ‘ஷீனும் காஃபும்’ சரியாக இருக்கவேண்டும் என்பது உருது வழக்கு. வடமொழிச் சொற்களின் கூட்டெழுத்துகளும் சிதையக்கூடாது. விளிவேற்றுமையில் இன்னொரு பொறி இருக்கிறது. பார்வையாளர்களை விளிக்கும்போது ‘தர்ஷகோ’ என்பதே இலக்கணப்படி சரி; மூக்கொலி சேர்த்தால் அது விளியாகாது, உருபேற்கும் வடிவமாகிவிடும். பேச்சில் பலரும் மூக்கொலியோடுதான் சொல்வர். புதிதாகச் சேர்ந்தவர் பார்வையாளரை நோக்கிச் சொல்லும் முதற்சொல்லே இத்தகைய சோதனை. தமிழில் ழகரமும் ளகரமும், ரகரமும் றகரமும் அதே காவலைச் செய்தன.

இத்தேர்வு யாரை உள்ளே விட்டது என்று கேட்பது எளிது. அதற்கு விடையும் பெரும்பாலும் ஊகிக்கக்கூடியதே. நகரத்தவர், கல்லூரிக் கல்வி பெற்றவர், எழுத்துமொழியோடு வீட்டிலேயே பழக்கமுள்ளவர். ஆயினும் இதில் ஒரு முரண் இருப்பதை விட்டுவிடக்கூடாது. அரசுப் பணியின் பிற கதவுகள் பெண்களுக்குக் குறுகலாகத் திறந்திருந்த காலத்தில், திரைக்குமுன் அமரும் இப்பணியில் அவர்களே முன்னணியில் நின்றனர். அப்பணியே ஒப்பந்தப் பணியாகவும் இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1975ஆம் ஆண்டு இப்பணியின் பரப்பை விரித்தது. ஆகஸ்டு 1 அன்று செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை தொடங்கியது. ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு இந்தி, ஒடியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் நிகழ்ச்சிகள் சென்றன. அந்தச் செயற்கைக்கோள் ஒரு படத்தடத்தோடு இரண்டு ஒலித்தடங்களைச் சுமக்க வல்லது. பொறியியல் நோக்கில் இது சிக்கனம். அறிவிப்பாளரின் நோக்கில் விந்தையான நிலை: குரலை இரண்டாக்கலாம், அசையும் உதடுகளை இரண்டாக்க இயலாது. அதே ஆகஸ்டில் கல்கத்தாவிலும் சென்னையிலும் நிலையங்கள் திறக்கப்பட்டன. நெருக்கடிநிலை நடப்பில் இருந்த மாதம் அது. புதிய நிலையங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கற்ற முதற்பாடம், எழுதித் தந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது என்பதாகவே இருந்திருக்கும்.

15 ஆகஸ்டு 1982 முதல் தேசிய ஒளிபரப்பு தொடங்கியதும் வட்டார அறிவிப்பாளரின் இரவு சுருங்கியது. குறித்த நேரத்தில் நிலையங்கள் அனைத்தும் தில்லியோடு இணையும். அதன்பின் பேசுவது இந்தியும் ஆங்கிலமும். தமிழ் ஒலிபரப்பு வழக்கில் இதற்கு ‘அஞ்சல்’ என்று பெயர். ‘தில்லி அஞ்சல்’ என்ற தொடரை முதன்முறை படிக்கும் மாணவர் கடிதம் பற்றியது என்று எண்ணக்கூடும். ஓரிடத்திலிருந்து வாங்கி மற்றோரிடத்துக்குக் கடத்துவது என்ற பொருளில் அது பொருத்தமான சொல்தான். சென்னையிலும் பிற நிலையங்களிலும் இருந்த அறிவிப்பாளர் அந்நேரத்தில் ஆற்றியதும் இதுவே: தம் மொழியில் ஒரு வாக்கியம் சொல்லித் திரையை ஒப்படைப்பது.

இதே பத்தாண்டில்தான் ‘ஓம்’ விகுதிக்கு உரியவர் யார் என்ற வினா சட்டமொழியில் எழுந்தது. ‘ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்ட்’ என்போரில் யார் உண்மையில் கலைஞர், யார் அல்லர் என்று பிரித்து, அரசுப் பணியமைப்புக்குள் கொண்டுவரும் ஏற்பாடுகள் 1980களின் தொடக்கத்தில் நடந்தன. 1987இல் இந்திய ஒன்றியம் – எம்.ஏ. சௌத்ரி வழக்கில் உச்சநீதிமன்றம், அகில இந்திய வானொலியின் ‘ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்ட்’ வகிப்பது குடிமைப் பணியிடமே என்று தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 311ஆம் உறுப்பு தரும் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு என்பதே இதன் பொருள்; ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி விசாரணையின்றி வெளியேற்ற இயலாது. ஒலிபரப்பில் நெடுங்காலம் அரசின் குரலாய்ப் பேசியோர் அரசின் பணியில்தான் இருக்கிறார்கள் என்று நிறுவ, விடுதலைக்குப்பின் நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஆனால் கதவு ஒருபுறம் திறந்தபோது மறுபுறம் வேறொரு வகை பெருகியது. அதுதான் ‘கேஷுவல்’. மாதத்துக்குச் சில நாள் மட்டும் அழைத்து, அந்தந்த நாளுக்குக் கட்டணம் தந்து அனுப்பிவிடுவது. வானொலியில் இத்தகைய அறிவிப்பாளருக்கு மாதம் ஆறு பணிகள் என்ற வரம்பு நடைமுறையில் இருந்தது. பணி நிலைத்தது என்று கூற இடம் தராமல் எண்ணிக்கையைக் குறைவாகவே வைத்திருக்கும் கணக்கு இது. தூர்தர்ஷனின் தற்காலிகக் கலைஞர்கள் நிர்வாகத் தீர்ப்பாயத்தை நாடினர். அதன் விளைவாக 1992இல், ஓர் ஆண்டில் 120 நாள் பணிபுரிந்தோரை முறைப்படுத்தும் திட்டம் ஒன்று வந்தது. நாள்களை எண்ணுவதும், எண்ணியதை மெய்ப்பிக்கப் பழைய ஒப்பந்தத் தாள்களைத் தேடுவதும், மீண்டும் வழக்காடுவதும் அதன்பின் நெடுங்காலம் நீடித்தன. ‘கலைஞர்’ என்ற சொல் இங்கும் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள்.

அந்த ஆண்டுகளிலேயே தனியார் செயற்கைக்கோள் அலைவரிசைகளும் வந்துவிட்டன. அவற்றுக்கு இடைவெளி என்ற ஒன்றே இல்லை. இருந்த இடைவெளிகளை விளம்பரமும் முன்னோட்டமும் நிரப்பின. தமிழில் ‘அறிவிப்பாளர்’ மெல்ல மறைந்து ‘தொகுப்பாளர்’ வந்தார். இவர் பெயர் சொல்வார், ‘நான்’ என்பார், பார்வையாளரோடு உரையாடுவார். ஒருமைத் தன்மை திரைக்கு வந்தது இவர் வழியாகத்தான். எழுத்துமொழியின் கட்டும் அத்துடன் தளர்ந்தது. இதைச் சீரழிவு என்று புலம்புவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பழைய அறிவிப்பாளரின் செந்தமிழை ஏங்கிப் பேசுகிறவர்கள், அந்தச் செந்தமிழைப் பேசியவருக்கு அடுத்த மாதம் பணி உண்டா என்று கேட்டதில்லை.

இன்று அலைவரிசை தடைபட்டால் திரை கறுத்து நிற்கிறது, அல்லது ‘நோ சிக்னல்’ என்ற பெயர்த்தொடர் ஒன்று மிதக்கிறது. அதில் வினை இல்லை. ஆகவே விகுதியும் இல்லை.