காம்போசத்தில் நாம் தேடுவது

கம்போடியா சென்று திரும்பும் நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: அங்கோர் வாட் தமிழ் மன்னன் எழுப்பிய கோயில். அதைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் பெயரிலுள்ள 'வர்மன்' என்னும் ஈறு பல்லவரை நினைவூட்டுவதே இதற்கு முதற் சான்று. ஆனால் வர்மன் என்பது வடமொழி வழிவந்த அரசப் பெயரீறு. கதம்பரில் மயூரவர்மனும் காமரூபத்தில் பாஸ்கரவர்மனும் அதைச் சூடியவர்களே.

அங்கோர் அரசர்களின் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் கெமர் மொழியிலும் பொறிக்கப்பட்டவை. காலக்குறிப்புள்ள மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு கி.பி. 611ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் எழுத்துக்கு மூலம் தென்னிந்திய எழுத்து முறை, மொழியோ அம்மண்ணுக்குரியது. கடல் வழி வந்த எழுத்தைக் கொண்டு அச்சமூகம் தன் மொழியை எழுதிக்கொண்டது.

தமிழர் தொடர்பே இல்லை என்பதல்ல இதன் பொருள். முதலாம் குலோத்துங்கனுக்குக் காம்போச மன்னன் காட்டிய அரிய கல்லொன்று தில்லைக் கோயிலில் வைக்கப்பட்டதை 1114ஆம் ஆண்டுச் சிதம்பரம் கல்வெட்டு கூறுகிறது. இரண்டாம் சூரியவர்மன் 1113இல் அரியணை ஏறியவன் என்பதால், இச்செய்தி அங்கோர் வாட்டின் காலத்தை ஒட்டியது. இரு பேரரசுகள் ஒன்றையொன்று அறிந்து மதித்ததன் அடையாளம் அந்தக் கல். அவ்வுறவை ஆட்சியுரிமையாக வாசிப்பது நமக்கும் பெருமை சேர்ப்பதன்று.

கெமர்களின் தனித்திறனைக் காண வேண்டுமானால் கோபுரங்களிலிருந்து பார்வையை நீருக்குத் திருப்ப வேண்டும். மழைக்காலத்தில் மேகாங் பெருகும்போது டோன்லே சாப் ஆறு எதிர்த்திசையில் ஓடி, அதே பெயருள்ள ஏரியை நிரப்புகிறது. கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, அப்போது 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரிகிறது. அங்கோரின் சோற்றுக்கு மீன் தந்தது இந்த ஏரி. நகரையொட்டி, 11ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட மேற்கு பாராய் என்னும் நீர்த்தேக்கம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. ஏரிகளால் வாழ்ந்த நாட்டிலிருந்து செல்லும் நாம் வியந்து நிற்க வேண்டிய இடம் அது. பெரும்பாலோர் அதன் கரைக்குக்கூடப் போவதில்லை.

ஏழாம் ஜயவர்மன் எழுப்பிய பாயோன் கோயிலின் சுவர்களில் போர்க்காட்சிகளுக்கு அருகிலேயே சந்தை, சமையல், சேவற்சண்டை, மீன்பிடிப்பு ஆகியவை செதுக்கப்பட்டுள்ளன. 1296இல் வந்து ஓராண்டளவு தங்கிய சீனத் தூதுக்குழுவினரான சௌ தாகுவான், அங்கு வணிகம் செய்வோர் பெண்களே என்று எழுதிவைத்தார். தா புரோம் கோயிலின் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு 102 மருத்துவமனைகளைக் குறிப்பிடுகிறது; அக்கோயிலின் பணிக்குக் கட்டுப்பட்டிருந்த 79,365 பேரையும் கணக்கிடுகிறது. அறமும் பெருஞ்சுமையும் ஒரே கல்லில் பதிவாகியுள்ளன. அரசன் எந்த இனத்தவன் என்று மட்டும் கேட்கும் பயணிக்கு அந்த 79,365 பேர் கண்ணில் படுவதில்லை.

1860இல் ஹென்றி மூவோ என்ற பிரெஞ்சுக்காரர் அங்கோரைக் 'கண்டுபிடித்தார்' என்பதும் இதே வகைக் கதைதான். திருமாலுக்கு எடுக்கப்பட்ட அங்கோர் வாட் பின்னாளில் பௌத்தத் தலமாகி, வழிபாடு அறாமல் இருந்துவந்தது. 1632இல் ஜப்பானிய யாத்திரிகர் ஒருவர் அதன் தூணில் எழுதிவிட்டுச் சென்றிருக்கிறார். பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிப்பாளராகவும் நாம் கட்டியவர்களாகவும் அங்கே நுழைந்தால், கெமர்களுக்கு அவர்கள் நாட்டிலேயே எஞ்சுவது காவலாளி வேலைதான்.

பழம்பெருமை என்ன செய்யவல்லது என்பதற்கும் அந்நாடே சாட்சி. 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் தன் கொடியிலும் அங்கோர் கோபுரங்களைப் பொறித்திருந்தது. அவ்வாட்சியில் சுமார் 17 லட்சம் பேர் மாண்டனர். நாம் பென் நகரில் பள்ளிக்கூடமாக இருந்து வதைமுகாமாக மாற்றப்பட்ட துவோல் ஸ்லெங் இன்று அருங்காட்சியகம். 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. கைதிகளின் நிழற்படங்கள் அங்கே வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அங்கோரில் மூன்று நாள் செலவிடுவோர் இதற்கு ஒரு முற்பகலேனும் ஒதுக்க வேண்டும். கோபுரங்களைக் கட்டிய மக்களின் வழித்தோன்றல்கள் அந்தப் படங்களில் இருக்கிறார்கள்.