கொடைக்கானல் ஏரிக்கு டூர் போறீங்களா? வேன் பேசுறதுக்கு முன்னாடி இதை படிங்க!

கொடைக்கானல்: சீட்டு கட்டி சேர்த்த காசில் வேன் பிடித்து, பிள்ளை குட்டிகளோடு மலை ஏறி, கடைசியில் செக்போஸ்ட்டில் நின்றால் எப்படி இருக்கும்? கொடைக்கானல் ஏரியை பார்க்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இ-பாஸ் விவரம்தான்.

இ-பாஸ் கட்டாயம்

சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந்தேதி முதல் ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 சீசனில் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4 ஆயிரம், சனி, ஞாயிறில் 6 ஆயிரம் வாகனங்கள் என்று கட்டுப்பாடும் போடப்பட்டது.

தமிழக அரசின் இ-பாஸ் இணையதளத்தில் வண்டி நம்பர், ஆட்கள் எண்ணிக்கை, தங்கும் நாள் ஆகியவற்றை பதிய வேண்டும். இதற்கு கட்டணம் கிடையாது. "வாங்கித் தர்றேன், காசு கொடு" என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம்.

வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கம் சோதனை நடக்கும். அதற்குள் மலைப்பாதை முக்கால்வாசி முடிந்திருக்கும். எனவே கீழேயே பாஸை கையில் வைத்துக்கொள்வது நல்லது.

பஸ்சில் போனால்...

அரசு பஸ்சில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. மதுரை, திண்டுக்கல், பழனி, வத்தலக்குண்டில் இருந்து பஸ் உண்டு. மதுரையில் இருந்து சுமார் 120 கிலோமீட்டர். 4 மணி நேரம் வரை பிடிக்கும். ஒரே நாளில் திரும்ப நினைத்தால் விடியற்காலை பஸ்சை பிடிக்கணும். போய் இறங்கியதும் கடைசி பஸ் நேரத்தை கேட்டுக்கொள்ளுங்க. பஸ் நிலையத்தில் இருந்து ஏரிக்கு நடந்தே போகலாம்.

ஏரியில் என்ன பார்க்கலாம்?

இது இயற்கை ஏரி இல்லை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற ஆங்கிலேயர் 1863-ல் ஓடையை மறித்து உருவாக்கியது. பரப்பு சுமார் 60 ஏக்கர், நட்சத்திர வடிவம். இதன் உபரி நீர்தான் வழியில் நாம் பார்க்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி.

படகு சவாரி, குதிரை, வாடகை சைக்கிள் எல்லாத்துக்கும் காசு. கட்டணத்தை கேட்டுவிட்டு ஏறுங்க. ஏரியை சுற்றி சுமார் 5 கிலோமீட்டர் ரோட்டில் நடக்க காசு வேண்டாம். பக்கத்திலேயே பிரையண்ட் பூங்கா. மே மாதம் இங்கு மலர் கண்காட்சி நடக்கும்.

பேரிஜம் ஏரி 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி காட்டுக்குள் இருக்கு. அங்கு போக வனத்துறை அனுமதி வேண்டும். ஒரு நாள் டூருக்கு ஒத்து வராது.

மறக்காதீங்க

* 5 லிட்டருக்கு குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு தடை. வீட்டில் இருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்க.

* கடல் மட்டத்தில் இருந்து 7 ஆயிரம் அடி உயரம். மே மாதத்திலும் சாயங்காலம் குளிரும். குழந்தைக்கு ஸ்வெட்டர், குல்லா அவசியம்.

* கொண்டை ஊசி வளைவில் வாந்தி வரும். வயிறு முட்ட சாப்பிட்டுவிட்டு ஏறாதீங்க.

* மே மாத சனி, ஞாயிறில் பாதி நாள் டிராபிக்கிலேயே போயிடும். லீவு கிடைத்தால் செவ்வாய், புதன் போங்க. ஏரியை நிம்மதியா பார்த்துட்டு வரலாம்.