பிறந்த மண்ணும் ஆளும் உரிமையும்

1948 பெப்ரவரி 4 ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. அன்று இந்நாட்டின் அரசுத் தலைவராக விளங்கியவர் இங்கிலாந்தில் பிறந்த ஆறாம் ஜோர்ஜ் மன்னர். அவருக்குப் பின் அந்நிலைக்கு வந்த இரண்டாம் எலிசபெத் அரசியும் இலண்டனில் பிறந்தவரே. 1972 மே 22 இல் குடியரசு மலரும் வரை, கடலுக்கு அப்பால் பிறந்தவர்களே நமது தலைமைப் பீடத்தில் இருந்தனர். அவர்களிடம் எவரும் பிறப்புச் சான்று கேட்கவில்லை.

ஆனால் அதே 1948 இல், பொகவந்தலாவையின் லயத்தில் பிறந்து, இம்மலைகளிலே கொழுந்து பறித்த பெண்ணிடம் சான்று கேட்கப்பட்டது. அவள் பிறப்புக்கு மட்டுமன்று, அவள் தந்தையின் பிறப்புக்கும்! நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்த 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இம்மண்ணிற் பிறந்தால் மட்டும் போதாது என்றது. தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். பெற்ற தாய் அந்தக் கணக்கிலே சேரவில்லை.

ஏன் இந்தச் சட்டம்? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்தார். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணை நின்றன. தொழிற்சங்கத்தில் இணைந்த கரங்கள் வாக்குச் சீட்டிலும் இணைவதைக் கண்டு ஆளும் வர்க்கம் அஞ்சிற்று. 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் பறித்தது. கோடகன் பிள்ளை வழக்கில், இலண்டன் கோமறைக் கழகம் 1953 இல் இச்சட்டங்கள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

1948 இல் இடதுசாரிகள் இச்சட்டத்தை எதிர்த்தனர், அது பெருமைக்குரியது. ஆனால் 1964 அக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, லங்கா சமசமாஜக் கட்சி அமைச்சரவையில் இருந்தது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எந்தப் பங்கீட்டிலும் அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. இதனை நாம் நமக்கே மறைத்தலாகாது.

உலகம் இவ்வினாவைப் பலவாறு விடுத்திருக்கிறது. அமெரிக்க அரசியலமைப்பு, பிறப்பால் குடிமகனானவரே ஜனாதிபதியாகலாம் என்கிறது. பனாமாக் கால்வாய் வலயத்தில் 1936 இல் பிறந்த ஜோன் மக்கெய்ன் 2008 இல் போட்டியிட்டபோது, அங்கே இவ்விவாதம் எழுந்தது. அயர்லாந்து மக்களோ, நியூயோர்க்கில் பிறந்த டி வலேராவை 1959 இல் தம் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தனர். அவர் எங்கே பிறந்தார் என்பதைவிட, யாருக்காகப் போராடினார் என்பதே அவர்களுக்குப் பெரிதாயிருந்தது.

நமது 1978 அரசியலமைப்பு, வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற வேற்றுமையை எப்பொருட்டும் பாராட்டலாகாது என்கிறது. ஜனாதிபதிக்குப் பிறந்த இடம் ஒரு தகுதியாக விதிக்கப்படவில்லை. 2022 இன் 21 ஆம் திருத்தம் தடுப்பது இரட்டைப் பிரஜைகளையே. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், நாடற்றோராய் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்கும் பிரஜாவுரிமை அளித்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் மலையகத்தவரான மயில்வாகனம் திலகராஜா வேட்பாளராக நின்றார். வெற்றி தோல்வி வேறு. முக்கால் நூற்றாண்டுக்கு முன் வாக்காளர் பட்டியலிலிருந்தே துரத்தப்பட்ட மக்களின் பெயர், நாட்டின் அதியுயர் பதவிக்குரிய வாக்குச் சீட்டிலே அச்சாயிற்று.

எனினும் ஏட்டுச் சட்டம் திறந்த கதவு வாழ்க்கையிலும் திறந்துவிட்டதென எண்ணிவிடலாகாது. லயங்களில் வாழும் குடும்பங்கள் பல, தாம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் நிலத்துக்கு இன்றும் உறுதி இன்றியே இருக்கின்றன. நாட்டை ஆளும் தகுதி உண்டு. நாலு பேர்ச் நிலம் இல்லை! குடியியற் பாடம் நடத்தும் ஆசிரியர் முதலில் விளக்கவேண்டிய முரண்பாடு இதுவே. அதை உணர்ந்த மாணவரே நாளை அதனைத் தீர்ப்பர்.