இளஞ்சிவப்பு வண்டிகளின் காலம்

மினி பஸ் என்றதும், ஐம்பதைக் கடந்த கோலாலம்பூர்வாசிகளின் முகத்தில் ஒரு முறுவல் தோன்றும். கூடவே ஒரு சுளிப்பும் தோன்றும். இரண்டும் நியாயமானவையே.

நகரத்துக் குறும்பயணத்திற்குச் சிறு வண்டியைப் பலர் பகிர்ந்துகொள்வது நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. 1920களில் சிங்கப்பூரில் டிராம் வண்டிகளோடு போட்டியிட்டு, எழுவர் அமரும் மோட்டார் வண்டிகள் ஓடின. நெரிசலில் இடுக்கு கண்ட இடமெல்லாம் புகுந்து பறந்ததால் அவற்றைக் 'கொசு பஸ்' என்றனர். 1927இல் டிராம் நின்றது. கொசு பஸ்களும் 1930களின் நடுப்பகுதியில் நிறுவனங்களாக ஒன்றிணைய நேர்ந்தது. ஏறக்குறைய இதே கதைதான் பின்னர் கோலாலம்பூரிலும் நடந்தது.

1974இல் கூட்டரசுப் பிரதேசமாகிய நகரை நோக்கி, தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் மக்கள் வேலை தேடி வந்தவண்ணம் இருந்தனர். அவர்களைச் சுமக்கப் பழைய பேருந்துகள் போதவில்லை. 1975 செப்டம்பரில் மினி பஸ் பிறந்தது. இளஞ்சிவப்பு நிறம், எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். பிற்காலத்தில் அது 60 சென். தோட்டத்தை விட்டு வந்து தொழிற்சாலையில் சேர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த 60 சென் எத்துணைப் பெரிய உதவி என்பதைப் பட்டவர்களே அறிவர்.

பயிற்சி ஆசிரியனாக இருந்த நாளில் பிரிக்பீல்ட்ஸில் ஏறுவேன். "மாசோக் டாலாம்!" என்று நடத்துநர் கூவுவார், உள்ளே கால் வைக்க இடமிராது. பாடக்குறிப்பேட்டை மார்போடு அணைத்தபடி, சலவைச் சட்டை கசங்கிப் பள்ளி சேர்வேன். வண்டியோ முன்செல்லும் இன்னொரு மினி பஸ்ஸை முந்தப் பறக்கும். விபத்துகளும் நேர்ந்தன, அதை மறைப்பதற்கில்லை. ஓட்டுநரைத் திட்டித் தீர்த்தோம். வசூலைப் பொறுத்தே வருவாய் என்ற ஏற்பாடுதான் அவரை விரட்டியது என்பதை அன்று எண்ணிப் பார்த்தோமில்லை.

1998இல் மினி பஸ் சேவை நிறுத்தப்பட்டது. இன்ட்ராகோத்தாவின் பெரிய பேருந்துகள் வந்தன. சில ஆண்டுகளில் அந்நிறுவனமும் பணமுடையில் தள்ளாட, அரசு நிறுவனமான பிரசரானா அச்சேவையை ஏற்றது.

இப்போது தலைநகரில் மீண்டும் சிறு வண்டிகள் ஓடுகின்றன. கைப்பேசிவழி அழைத்தால் வேன் வந்து, ரயில் நிலையத்தில் இறக்கிவிடும். அண்மையில் ஏறினேன். குளிரூட்டப்பட்ட வண்டி, இருக்கைக்கு மேல் ஒருவர் இல்லை. வழியில் முதியவள் ஒருத்தி, பழைய வழக்கப்படி, கையை நீட்டினாள். இரு இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. வேன் நிற்கவில்லை.