டெக்ஸ்ட்ரான் வந்த வழி

சர்க்கரை ஆலையில் சாறு நேரத்தோடு காய்ச்சப்படாமல் தேங்கினால் கொழகொழத்துப் போகும். லூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா சுக்ரோஸை உடைத்து, குளுக்கோஸ் அலகுகளை நீண்ட சங்கிலியாகக் கோப்பதுதான் காரணம். வடிகட்டிகளை அடைக்கும் இந்தப் பசைதான் டெக்ஸ்ட்ரான். ஆலைக்காரர்களுக்கு அது வெறும் நஷ்டக் கணக்கு. இத்தகைய பசைக்கு நுண்ணுயிரே மூலம் என்று 1861-ல் லூயி பாஸ்டர் காட்டினார். 1874-ல் ஷைப்ளர் என்ற வேதியியலாளர் அதற்கு டெக்ஸ்ட்ரான் என்று பெயரிட்டார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் அதைச் சீந்தவில்லை.

திருப்பம் ஸ்வீடனில் வந்தது. உப்சாலாவில் பீட் கிழங்குச் சாற்றை ஆராய்ந்த பியோர்ன் இங்கெல்மனும், மருத்துவர் ஆந்தர்ஸ் குரோன்வாலும், ரத்த பிளாஸ்மாவுக்கு மாற்றாக டெக்ஸ்ட்ரானைப் பயன்படுத்தலாம் என்று 1940-களின் நடுவில் முன்வைத்தனர். பாக்டீரியா தரும் சங்கிலியின் மூலக்கூறு எடை லட்சக்கணக்கிலும் அதற்கு மேலும் இருக்கும். அதை அப்படியே ரத்தத்தில் விட முடியாது. அமிலத்தால் வெட்டி, ஏறக்குறைய 70,000 எடையுள்ள பகுதியைப் பிரித்தெடுத்தார்கள். ரத்தத்தின் ஆல்புமினும் கிட்டத்தட்ட அதே எடைதான். பார்மாசியா நிறுவனம் 1947-ல் இதை மேக்ரோடெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறிய துண்டுகள் சிறுநீரகம் வழியே விரைவில் வெளியேறின. பெரியவை ரத்தத்தில் தங்கின. மிகப் பெரியவையோ சிவப்பணுக்களை ஒட்டிக்கொள்ளச் செய்தன.

ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் மீந்திருப்பதால், வேதியியலாளருக்கு டெக்ஸ்ட்ரான் வசதியான பொருள். சல்பேட்டையோ கார்பாக்சிமெத்தில் தொகுதியையோ சேர்த்தால் எதிர்மின்னூட்டம் ஏறும். டைஎத்தில்அமினோஎத்தில் சேர்த்தால் நேர்மின்னூட்டம். இந்த மின்னூட்டத்தை உடல் எப்படிக் கையாள்கிறது என்பதை அமெரிக்காவில் பிரென்னரின் குழு 1970-களில் எலிகளில் சோதித்துப் பார்த்தது. ஒரே பருமனுள்ள டெக்ஸ்ட்ரான்களில் எதிர்மின்னூட்டம் பெற்றவை சிறுநீரக வடிகட்டியில் தடுக்கப்பட்டன. மின்னூட்டமற்றவை அவற்றைவிட எளிதாகக் கடந்தன. நேர்மின்னூட்டம் பெற்றவை இன்னும் தாராளமாகக் கடந்தன. வடிகட்டியின் சுவரே எதிர்மின்னூட்டம் உடையது என்ற விளக்கம் இதனால் வலுப்பெற்றது. மருந்துக்கான சோதனை அல்ல இது, சிறுநீரகத்தைப் புரிந்துகொள்ளச் செய்தது. ஆனால் மின்னூட்டம் மூலக்கூறின் போக்கை மாற்றும் என்பதற்கு மருந்து வடிவமைப்பாளர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைத்திருக்காது.

ஜப்பானின் கியோட்டோவில் செசாகி, ஹஷிதா ஆகியோரின் குழு 1980-களில் மைட்டோமைசின் என்ற புற்றுமருந்தை டெக்ஸ்ட்ரானில் பிணைத்தது. நேர்மின்னூட்டம் கொண்ட பிணைப்பு, எதிர்மின்னூட்டமுள்ள செல் பரப்புகளில் ஒட்டி, கல்லீரலில் விரைவாகச் சேர்ந்தது. எதிர்மின்னூட்டம் கொண்டது ரத்தத்தில் நெடுநேரம் சுற்றி, எலியின் கட்டியில் அதிகமாகத் தேங்கியது. கட்டிகளின் ரத்தக்குழாய்கள் கசிவதால் பெரிய மூலக்கூறுகள் அங்கே தங்குகின்றன என்று மட்சுமுராவும் மாயேதாவும் 1986-ல் எழுதியது இதற்குப் பொருந்தியது.

மனிதரிடம் நிலைமை அவ்வளவு சாதகமாக அமையவில்லை. டெக்ஸ்ட்ரானின் சர்க்கரை வளையங்களை ஆக்சிஜனேற்றத்தால் திறந்து டாக்சோருபிசினைக் கோத்த மருந்தின் முதற்கட்டச் சோதனை 1993-ல் வெளியானது. நோயாளிகளுக்குக் கல்லீரல் பாதிப்பும் தட்டணுக் குறைவும் ஏற்பட்டன. கல்லீரலின் விழுங்கு செல்கள் டெக்ஸ்ட்ரானை வாரி எடுத்துக்கொண்டதே காரணம் என்று கருதப்பட்டது.

அதே விழுங்கு செல்கள் இரும்புச் சத்து ஊசிக்கு வேண்டியவை. 1950-களிலிருந்து பயன்பட்ட இரும்பு டெக்ஸ்ட்ரானை அவையே உள்வாங்கி இரும்பைப் பிரித்துத் தருகின்றன. ஆனால் சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமை வந்தது. டெக்ஸ்ட்ரானைச் சற்று மாற்றிய கார்பாக்சிமெத்தில் உறையுடன் ஃபெருமாக்சிடால் என்ற இரும்பு ஊசி 2009-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதற்கும் 2015-ல் கடும் ஒவ்வாமை பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

குறியிடம் தேடிப் போகும் டெக்ஸ்ட்ரானும் உருவானது. டில்மனோசெப்ட் என்ற பொருளில் டெக்ஸ்ட்ரான் சங்கிலியோடு மேனோஸ் சர்க்கரை பிணைக்கப்பட்டுள்ளது. நிணநீர் முடிச்சின் விழுங்கு செல்களிலுள்ள சிடி206 ஏற்பி மேனோஸைப் பிடித்துக்கொள்கிறது. கட்டியருகே செலுத்தினால், டில்மனோசெப்ட் ஊசி போட்ட இடத்தை விட்டு விரைவாக அகன்று, புற்று முதலில் பரவக்கூடிய முடிச்சில் தங்கும். அதில் ஏற்றியிருப்பது மருந்தல்ல, டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்க ஐசோடோப்பு; அறுவை மருத்துவர் காமாக் கருவியை நகர்த்தி முடிச்சைக் கண்டுபிடிப்பார். மார்பகப் புற்றுக்கும் மெலனோமாவுக்கும் 2013-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. வாய்ப் புற்றுக்கு அடுத்த ஆண்டில்.