சிலாவத்துறைக் கரையிற் பிறர் கட்டிய மனைகள்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலத்தின் மேற்குக் கரையோரமாக அருவியாற்றின் கழிமுகத்தைக் கடந்து செல்வோர்க்கு முதலில் அரிப்பும், அதனையடுத்துச் சிலாவத்துறையும், மேலும் தெற்கே கொண்டச்சி, முள்ளிக்குளம், மறிச்சுக்கட்டி முதலிய ஊர்களும் எதிர்ப்படும். இன்று இவை முசலிப் பிரதேச செயலகப் பிரிவைச் சார்ந்தவை. முத்துக்குளிப்பு நிகழும் காலத்தையும் இடத்தையும் நம்மவர் 'சலாபம்' என வழங்கினர். அச்சொல்லே மருவிச் சிலாவத்துறை என்னும் பெயருக்குக் காரணமாயிற்றென்று கருதுவர். இக்கரையின் முத்தைப் பற்றி எழுதியோர் பலர். முத்தை நாடி வந்தவர்கள் தங்கிய மனைகளைப் பற்றியும், அவற்றை யார் யாருக்காகக் கட்டினர் என்பதைப் பற்றியும் எண்ணியோர் சிலரே. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒருவர் தாம் வாழும் வீட்டைத் தாமே முன்னின்று கட்டுவிப்பது நம் நாட்டு வழக்கு. நல்ல நாள் பார்த்து நிலையம் எடுத்து, மேசனையும் ஓடாவியையும் பேசிப் பொருத்தி, கையில் உள்ள பணத்துக்கேற்ப ஓராண்டு அத்திவாரமும், மறு ஆண்டு சுவரும், பின்னொரு காலத்திற் கூரையுமாக வீடு எழும்பும். இறுதியிற் பால் காய்ச்சிக் குடிபூருவர். 'வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்' என்னும் பழமொழி, கட்டுபவனும் குடியிருப்பவனும் ஒருவனே என்னும் எண்ணத்தின்மீது எழுந்தது. ஒருவன் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே அச்சிற் கட்டி முடித்து, வருவோர்க்கு விலைக்குக் கொடுக்கும் முறை மிகப் பிந்தியது. அமெரிக்காவிலே லெவிற் குடும்பத்தார் 1947 ஆம் ஆண்டு தொடக்கம் 1951 வரையில் நியூயோர்க் நகருக்கு அணித்தாயுள்ள நிலத்திலே பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை இவ்வாறு கட்டி விற்றனர். மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் வேலை பகுக்கப்படுவது போல, அங்கே வீடு நின்ற இடத்தில் நிற்க, வேலையாட்களே குழுக் குழுவாக வீட்டுக்கு வீடு நகர்ந்தனர். மலிவான வீடுகள் பல்லாயிரவர்க்குக் கிடைத்தன. ஆயினும் கறுப்பின மக்களுக்கு அவற்றை விற்க மறுத்தமை அம்முயற்சிக்கு நீங்காத மாசாயிற்று. கட்டுபவன் ஒருவனாகவும் வாழ்பவன் வேறொருவனாகவும் பிரிந்தவிடத்து, எவ்வாறு கட்டுவது என்பதோடு எவர் வாழ்வது என்பதையும் கட்டுபவனே தீர்மானிக்க முற்படுவதை இங்கே காண்கின்றோம்.

சிலாவத்துறைக் கரையில் இப்பிரிவு லெவிற் குடும்பத்தாருக்கு நெடுங்காலம் முன்னரே தோன்றிவிட்டது.

1679 ஆம் ஆண்டிலே கண்டியரசனின் சிறையினின்று தப்பிய றொபேட் நொக்ஸ், காடு கடந்து வந்து சேர்ந்த இடம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையாகும். அக்காலத்தில் இப்பகுதியில் அயலவர் எழுப்பிய நிலையான கட்டடங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதியாக 1798 முதல் 1805 வரை ஆண்ட பிரெடறிக் நோர்த், முத்துக்குளிப்பை நேரிலிருந்து மேற்பார்வை செய்யும் பொருட்டு, அரிப்புக்குத் தெற்கே கடலை நோக்கிய மேட்டிலே ஒரு மாளிகையைக் கட்டுவித்தார். 1801 தொடக்கம் 1804 வரையில் எழுந்த அம்மாளிகை, கிரேக்கரின் டோரிக் முறைத் தூண்களை உடையதாகலின் 'டோரிக்' என்றே பெயர் பெற்றது. அதன் வரைபடத்தைத் தேசாதிபதியே வகுத்தார் என்பர். செங்கல்லாற் கட்டிச் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பினால் மெழுகிய சுவர்கள் பளிங்குபோல் ஒளிர்ந்தனவாம். கோர்டினர் பாதிரியார் 1807 இல் வெளியிட்ட நூலில் அதனை வியந்து எழுதியுள்ளார். கிரேக்கத் தூணுக்கு மன்னார்ச் சிப்பியின் சுண்ணாம்பு பூசப்பெற்ற விநோதம் உலகில் வேறெங்கேனும் உண்டோ? ஆண்டில் ஒருசில வாரங்களே பயன்பட்ட அம்மாளிகை, அதன் தேவை நீங்கியதும் பராமரிப்பாரின்றிச் சிதைந்தது. அலைகள் மேட்டை அரித்துவர, அதன் பகுதிகள் ஒவ்வொன்றாகக் கடலில் வீழ்ந்தன. எஞ்சிய சுவர்களையே இன்று காண்கின்றோம்.

தேசாதிபதியின் மாளிகை ஒருவருக்காக எழுந்தது. சலாபப் பட்டினமோ பல்லாயிரவர்க்காக எழுந்தது. முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டதும் அரசினர் வெறும் மணற்பரப்பை அளந்து வீதிகள் வகுப்பர். அதிகாரிகளின் விடுதிகள், நீதிமன்று, சிறைக்கூடம், மருத்துவமனை, தபால் தந்தி நிலையம் ஆகியன சில வாரங்களில் எழும். சிப்பிகளைக் கரைசேர்த்து எண்ணிப் பங்கிடும் பெருவேலி 'கொட்டு' எனப்பட்டது. வணிகர்க்கும் குளிகாரர்க்கும் உரிய குடில்களும் கடைகளும் காட்டுத் தடி, கிடுகு, பாய் என்பவற்றால் வரிசை வரிசையாக அமைந்தன. காயல்பட்டினம், கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்னும் இடங்களிலிருந்தும், அரபு நாட்டுக் கடற்கரையிலிருந்தும் வந்தோர் அவற்றில் தங்கினர். நகரத்தாரும் பிற வணிகரும் மாலைதோறும் நடக்கும் ஏலத்தில் ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவென விலை கூறிக் கொண்டனர். குளிகாரர்க்கு மூன்றிலொரு பங்கும் அரசினர்க்கு எஞ்சியதும் என்பது பிற்காலத்து நியமம்.

1905 ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியில் நிகழ்ந்த சலாபமே வருவாயால் தலைசிறந்தது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டுச் சலாபத்திற் கொட்டினை மேற்பார்வை செய்தவருள் ஒருவர், யாழ்ப்பாணக் கச்சேரியில் இளம் அதிகாரியாயிருந்த லெனாட் வுல்வ். பிற்காலத்தில் ஆங்கில எழுத்துலகிற் புகழ்பெற்ற அவர், தம் வாழ்க்கை வரலாற்றில் அந்நாட்களை விரிவாக எழுதியுள்ளார். ஓரிரு மாதத்தின் பின்னர் அப்பட்டினம் இருந்த இடம் தெரியாமற் போகும். தடிகளும் கிடுகுகளும் அகற்றப்பட, சிப்பி ஓடுகளின் குவியல் மட்டும் எஞ்சும். அவ்வாறு செய்ததில் அறியாமை ஏதும் இல்லை. முத்துப்பார்களின் இயல்பே அதற்குக் காரணம். 1837 இன் பின்னர் 1855 வரையிலும், 1891 இன் பின்னர் 1903 வரையிலும் சலாபமே இல்லை. எப்பொழுது வரும் என்று சொல்லவியலாத வருவாயை நம்பி எவர் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வீடு கட்டுவார்? 1906 இல் இருபதாண்டுக் குத்தகைக்கு முத்துப்பார்களைப் பெற்ற இலண்டன் கொம்பனி, ஆண்டுக்கு 310,000 ரூபா கொடுக்க உடன்பட்டு, 1907 இன் பின்னர்ச் சிப்பி அற்றுப்போக நட்டமுற்றுக் கலைந்தமையே இதற்குப் போதிய சான்று. ஆகவே, ஆயத்தமாகக் கட்டி ஆயத்தமாகக் கலைக்கும் மனையே அத்தொழிலுக்குப் பொருந்தியது. வந்தவனுக்கு வேறெங்கோ சொந்த வீடு இருந்தது என்பதை மட்டும் நாம் மறத்தலாகாது.

வேறெங்கும் வீடில்லாதவனுக்கு ஆயத்த மனை எவ்வாறு பொருந்தும் என்னும் வினா, நம் காலத்தில் இதே கரையில் எழுந்தது. 1990 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாத இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முசலியின் முஸ்லிம் ஊர்கள் வெறிச்சோடின. மக்கள் புத்தளத்து முகாம்களிற் கிடுகுக் குடில்களில் ஒரு தலைமுறையைக் கழித்தனர். 2007 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் சிலாவத்துறை இராணுவத்தின் வசமாயிற்று. அவ்வாண்டே முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்களும் தம் ஊரை விட்டகன்றனர். 2009 இல் போர் முடிந்து மக்கள் திரும்பியபோது, கூரையற்ற சுவர்களும், சுவரற்ற அத்திவாரங்களும், அவற்றினூடே வளர்ந்த மரங்களுமே அவர்களை எதிர்கொண்டன. சிலர்க்கோ அவையும் இல்லை. சிலாவத்துறையிலும் முள்ளிக்குளத்திலும் குடிமனைகள் இருந்த நிலத்திற் கடற்படை முகாம்கள் அமைந்திருந்தன.

அழிந்த வீடுகளை யார் கட்டுவது? இந்திய அரசு 2010 இல் ஐம்பதினாயிரம் வீடுகளை அளிக்க முன்வந்தது. முதற்கட்டமாக வட மாகாணத்தில் ஆயிரம் வீடுகளைக் கட்டும் பணி ஒப்பந்தக்காரர் மூலம் நடைபெற்று 2012 இல் நிறைவெய்தியது. இரண்டாங் கட்டத்தில் முறை மாறியது. 2012 ஆம் ஆண்டு ஒற்றோபர் 2 ஆந் திகதி தொடங்கிய அத்திட்டத்தின்படி, புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும், திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே படிப்படியாக அனுப்பப்பட்டன. அத்திவாரம் முடிந்தபின் ஒரு பகுதி, சுவர் எழும்பியபின் ஒரு பகுதி என்றவாறு வேலையைப் பார்த்துப் பணம் விடப்பட்டது. மேசனைத் தெரிவதும், கல்லை வாங்குவதும், மேலதிக அறை வேண்டுமா என முடிவு செய்வதும் வீட்டுக்காரரின் பொறுப்பாயின.

இம்முறை இலங்கைக்குப் புதிதன்று. 1978 இல் தொடங்கிய நூறாயிரம் வீட்டுத் திட்டத்தில் அரசே பல வீடுகளைக் கட்டி வழங்க முயன்றது. செலவு மிகுந்து தேவை தீராமையின், 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்திற் சிறு கடனைக் கொடுத்து மக்களையே கட்டவிட்டது. அப்பட்டறிவு ஒரு தலைமுறைக்கு முன்னரே பெறப்பட்டது.

இருந்தும் 2016 ஆம் ஆண்டளவில் அரசு வேறொரு திட்டத்தை முன்வைத்தது. ஆர்சலர் மித்தல் என்னும் பன்னாட்டு உருக்கு நிறுவனத்தின் மூலம் வடக்கிலும் கிழக்கிலும் 65,000 உருக்கு வீடுகளை அமைப்பதே அது. தொழிற்சாலையிற் செய்த பகுதிகளைக் கொணர்ந்து பொருத்திவிடலாம், விரைவில் முடியும் என்றனர். வீடொன்றின் செலவோ இருபது இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்டது. அப்பணத்தில் இரண்டு கல்வீடுகளைக் கட்டலாமே என மக்கள் பிரதிநிதிகளும் பொருளியலாளரும் வினவினர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பொறியியலாளர் மாதிரி வீட்டை ஆராய்ந்து, அத்திவாரத்தின் குறையையும், வெப்பத்தையும், பின்னர் விரிவாக்குதற்குள்ள இடர்ப்பாட்டையும் எடுத்துக்காட்டினர். உப்புக்காற்று ஓயாது வீசும் சிலாவத்துறை போன்ற கரையில் இரும்பு என்னாகும் என்பதற்குப் பொறியியலறிவும் வேண்டுவதில்லை. கடற்கரையில் ஒரு பழைய கதவுப் பிணைச்சலைப் பார்த்தவர்க்கு அது விளங்கும். கண்டனம் வலுக்க, அப்பேரெண்ணிக்கைத் திட்டம் கைவிடப்பட்டது.

எனினும், தானே கட்டும் முறை குறையற்றதென்று கூறிவிடுதல் நடுநிலையாகாது. விலைவாசி ஏற 550,000 ரூபா போதாமையால் நகையை ஈடு வைத்தவர்களும் கடன்பட்டவர்களும் பலர். பத்திரமின்றி மணல் ஏற்ற முடியாத நிலையும், ஊரெங்கும் ஒரே வேளையில் வீடு எழும்பியதால் மேசன்மாருக்கு ஏற்பட்ட தட்டுப்பாடும் வேலையைத் தாமதமாக்கின. கணவனை இழந்த பெண்ணுக்கும், பிள்ளைகளற்ற முதியோருக்கும் வெயிலில் நின்று கல் எண்ணுவது எளிதா? அத்தகையோர்க்குப் பிறர் கட்டிக் கொடுக்கும் வீடே பேருதவியாகும். ஆகவே முறை எதுவாயினும், தெரிவு செய்யும் உரிமை குடியிருப்பவரிடம் இருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து. விலை கொடுத்து வாங்குபவன் சுவரைத் தட்டிப் பார்ப்பான், தண்ணீர் உவரா நன்னீரா என்று குடித்துப் பார்ப்பான், பிடிக்காவிட்டாற் போய்விடுவான். இலவசமாகப் பெறுபவனுக்கு அவ்வுரிமை கிடைப்பதரிது. கொழும்பில் மாடிவீடு வாங்குவோர்க்கு 1973 ஆம் ஆண்டின் வீட்டுத்தொகுதி உடைமைச் சட்டம் முதலான காவல்கள் உள. மானியமாக வீடு பெறும் முசலிவாசிக்கு ஒப்பந்தக்காரனிடம் கேட்பதற்கு எந்தப் பத்திரமும் இல்லை.

இன்னும் ஒன்று உண்டு. வீடு வாங்குபவன் முதலிற் பார்ப்பது உறுதியை. ஒல்லாந்தர் தோம்பெழுதிய காலந்தொட்டு நிலமும் பெயரும் ஏட்டிற் சேர்ந்தே இருந்துவருகின்றன. முசலியிற் பலருடைய நிலம் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தால் ஆளப்படுவது. போரிலும் இடப்பெயர்விலும் அப்பத்திரங்கள் தொலைந்தன. தந்தையின் பேரில் இருந்தது மகனுக்கு மாற்றப்படாமற் போயிற்று. பத்திரம் இல்லையேல் வீட்டுத்திட்டப் பட்டியலிற் பெயர் ஏறாது. ஒரு குடும்பமாக 1990 இல் வெளியேறியோர், திரும்பியபோது மூன்று நான்கு குடும்பங்களாகியிருந்தனர். பழைய காணியோ ஒன்றுதான்.

2017 ஆம் ஆண்டு முள்ளிக்குளத்து மக்கள் தம் ஊருக்கு அருகிற் பல நாட்கள் அமர்ந்து போராடினர். ஏப்ரில் மாத இறுதியிற் காணியின் ஒரு பகுதியை விடுவிப்பதாகக் கடற்படையினர் அறிவித்தனர். 2018 ஆம் ஆண்டிலே சிலாவத்துறை மக்களும் கடற்படை முகாமுக்கு முன்னே கொட்டகை அமைத்துத் தொடர் போராட்டம் நடத்தினர். அவர்கள் வீடு தருமாறு கேட்கவில்லை. வீடு இருந்த நிலத்தைத் தருமாறே கேட்டனர். தடியும் கிடுகும் கொண்டு அமைந்த அக்கொட்டகை, முன்னொரு காலத்திற் சலாபப் பட்டினம் எழுந்தெழுந்து மறைந்த அதே கரையிலே நின்றது.