மின்தடை, மின்திறன் கணக்கீடும் அடையாற்றின் 48 வோல்ட் டி.சி. திட்டமும்

ஒரு மின்கருவியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தமும், அதன் வழியே ஓடும் மின்னோட்டமும் தெரிந்தால் அதன் மின்தடையையும் மின்திறனையும் கணக்கிட்டுவிடலாம். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும், அலகு ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன், அலகு வாட். முதல் உறவை ஜெர்மானிய இயற்பியலாளர் ஓம் 1827-இல் வெளியிட்டார். கம்பியில் உண்டாகும் வெப்பம் ஓட்டத்தின் இருமடியையும் தடையையும் பொறுத்தது என்பதை 1840-களின் தொடக்கத்தில் ஜூல் நிறுவினார். தமிழ்நாட்டு மாணவர்கள் பத்தாம் வகுப்பிலேயே போடும் கணக்குகள்தாம் இவை. ஆனால் வீட்டுக்கு எப்படிப்பட்ட மின்சாரம் வர வேண்டும் என்ற கேள்விக்கும் விடை இவற்றில்தான் இருக்கிறது. சென்னை அடையாறு, சர்தார் படேல் சாலையில் உள்ள ஐ.ஐ.டி. வளாகத்தில் உருவான 48 வோல்ட் டி.சி. திட்டம் அதற்குச் சிறந்த சான்று.

முதலில் 230 வோல்ட் கணக்கைப் பார்க்கலாம். ‘2,000 வாட்’ என்று எழுதியுள்ள கீசர் ஓடும்போது எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டரால் அதன் வயரைக் கவ்வினால் 8.7 ஆம்பியர் அளவில் காட்டும். மீட்டரின் வாய்க்குள் ஃபேஸ் வயர் மட்டுமே இருக்க வேண்டும். நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் எதிரெதிராக ஓடும் இரண்டு ஓட்டங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, மீட்டர் பூஜ்யம் காட்டும். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் சுமார் 26.4 ஓம், பெருக்கினால் 2,000 வாட். கீசர் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் இரண்டு யூனிட். அழுத்தம் 200 வோல்ட்டாக இறங்கினால் ஓட்டமும் 7.6 ஆம்பியராகக் குறைந்து, திறன் ஏறக்குறைய 1,500 வாட் ஆகிவிடும். அழுத்தம் 13 சதவீதம் குறைய, திறன் 24 சதவீதம் குறைகிறது. லோ வோல்டேஜில் தண்ணீர் சுட நேரமாவது இதனால்தான்.

கணக்கு எல்லா இடத்திலும் இப்படிச் சுலபமாக அமையாது. 60 வாட் குண்டு பல்பு எரியும்போது கணக்குப்படி அதன் தடை 882 ஓம். அணைத்து, ஆறவிட்டு, மல்டிமீட்டரால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. டங்ஸ்டன் இழையின் தடை சூட்டோடு ஏறுவதே காரணம். மின்விசிறி போன்ற மோட்டார்களுக்கு ஏ.சி. மின்சாரத்தில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் போதாது, திறன் காரணியாலும் பெருக்க வேண்டும். அங்கே வகுத்துக் கிடைப்பதும் வெறும் மின்தடை அன்று, மின்னெதிர்ப்பு.

அடையாற்றுத் திட்டம் பிறந்த சூழலை நினைவில் கொள்ள வேண்டும். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டு நிலவியது. சென்னையில் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மற்ற மாவட்டங்களில் அதைவிடப் பல மடங்கு. லோடு தாங்காதபோது ஒரு பகுதியையே இருட்டாக்குவதற்குப் பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் மின்சாரமாவது விடாமல் கொடுக்க முடியாதா என்று கேட்டது பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு. வழக்கமான 230 வோல்ட் லைனோடு, 48 வோல்ட்டில் 100 வாட் வரை தரும் தனி டி.சி. லைன் ஒன்று என்பதே அவர்கள் கண்ட தீர்வு. சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் பிரஷ் இல்லாத டி.சி. மோட்டாரில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். அப்படி இரண்டு விசிறி, 18 வாட்டில் இரண்டு எல்.இ.டி. ட்யூப்லைட் என்றால் 96 வாட். ஓட்டம் 2 ஆம்பியர். மொத்தத் தடை 24 ஓம் என்று கொள்ளலாம். புழுக்கமான இரவில் ஒரு குடும்பம் தூங்க இது போதும்.

ஏன் 48? சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 12 வோல்ட் ஆகாதா? இங்கேதான் ஜூலின் இருமடி பேசுகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 10 மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் அதன் தடை சுமார் 0.23 ஓம். 100 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 8.3 ஆம்பியர் வேண்டும். வயரிலேயே 16 வாட் சூடாகிப் போகும். 48 வோல்ட்டில் 2.1 ஆம்பியர்தான், இழப்பு ஒரே ஒரு வாட். அழுத்தம் நான்கு மடங்கு ஏற, இழப்பு பதினாறில் ஒன்றாகிறது. இன்னும் ஏற்றினால் இழப்பு இன்னும் குறையும், ஆனால் ஷாக் அபாயம் கூடும். 48 வோல்ட் அந்த வகையில் தாழ்ந்த அழுத்தம். ஆனாலும் ஈரக் கையோடு தொடக்கூடியது அன்று.

சரி, ஏன் டி.சி.? சூரியத் தகடும் பேட்டரியும் தருவது டி.சி.; எல்.இ.டி. விளக்கும் செல்போனும் எடுத்துக்கொள்வதும் டி.சி. இடையில் இன்வெர்ட்டர் வைத்து ஏ.சி.யாக்கி மறுபடி டி.சி.யாக்கும்போது ஒவ்வொரு படியிலும் வாட் கரைகிறது. இன்வெர்ட்டரே இல்லாத ஜுன்ஜுன்வாலா குழுவின் சூரிய மின் அமைப்பு ராஜஸ்தான் பாலைவனப் பகுதியில் மின்கம்பி எட்டாத சுமார் 4,000 வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்தது. திட்டத்தின் பெருமை என்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 48 வோல்ட் விநியோகத்துக்கென ஐ.எஸ். 16711 என்ற இந்தியத் தரநிலையும் 2017-இல் வந்தது.

நகர அடுக்ககங்களில் இந்த லைன் இன்னும் அரிதுதான். பி.எல்.டி.சி. விசிறிகள் மட்டும் 230 வோல்ட்டிலேயே ஓடும்படி உள்ளே மாற்றியோடு பரவலாக வந்துவிட்டன. 48 வோல்ட்டுக்கு எல்லையும் உண்டு. 2,000 வாட் கீசரை அதில் மாட்டினால் ஓட்டம் 41.7 ஆம்பியர். மேலே சொன்ன அதே வயரில் 400 வாட் வெப்பமாகும். அந்த வயர் அதைத் தாங்காது. எனவே விசிறிக்கும் விளக்குக்கும் 48 வோல்ட் டி.சி., கீசருக்கும் அயர்ன்பாக்ஸுக்கும் 230 வோல்ட் ஏ.சி. என இரண்டு லைனும் அடுத்தடுத்து இருப்பதே வீட்டுக்குப் பொருத்தம்.